பேஸ்மென்ற் உடற்பயிற்சி அறை: மூட்டுக்களைக் காக்கும் தரை எது?

குளிர்காலம் தொடங்கிவிட்டால் எமது சமூகத்தவர் பலருடைய உடற்பயிற்சி பூங்காவை விட்டுப் பேஸ்மென்ற்றுக்கு இறங்கிவிடுகிறது. இது நல்ல விடயமே. நொவெம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை கதிரையில் குந்தியிருப்பதை விட, வீட்டின் கீழ்த்தளத்தில் அரை மணித்தியாலம் நடப்பது எவ்வளவோ மேல். ஆனால் கடந்த சில ஆண்டுகளாக, முழங்கால் நோ, குதிக்கால் நோ, நாரிப்பிடிப்பு என்று எம்மிடம் வருபவர்களிடம் நாம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு வருகிறோம்.

“எங்கே பயிற்சி செய்கிறீர்கள்?”

“பேஸ்மென்ற்றிலதான் டொக்டர்.”

“கீழே என்ன தரை?”

இந்த இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலானோர் சற்று யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள். மெசினின் பெயர் தெரியும். அதை எந்தக் கடையில், எவ்வளவு மலிவாக வாங்கினோம் என்பதும் தெரியும். அது எதன்மேல் நிற்கிறது, தாங்கள் எதன்மேல் நிற்கிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆகவேதான் இம்முறை சுகாதாரப் பகுதியில் மருந்து மாத்திரையை விட்டுவிட்டுத் தரையைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினோம்.

ஒரு மாணவியின் கால்

முதலில் ஒரு சம்பவம். அடையாளம் தெரியாதவாறு சில விபரங்களை மாற்றி, தாயாரின் அனுமதியுடன் எழுதுகிறோம்.

பதினாறு வயது நடன மாணவி ஒருவரைத் தாயார் அழைத்து வந்திருந்தார். அரங்கேற்றத்துக்கு ஒன்பது கிழமைகள் இருந்தன. கடந்த ஒரு மாதமாக வலது கணைக்காலில் நோ. முதலில் ஆடும்போது மட்டும் நொந்தது. பிறகு நடக்கும்போதும் நொந்தது. இப்போது இரவில் படுக்கையிலும் நோகிறது.

“டொக்டர், மண்டபம் எடுத்தாச்சு, காட் அடிச்சுக் குடுத்தாச்சு, ஊரிலயிருந்து அம்மம்மாவும் வாறா. நோ குறையிறதுக்கு ஏதாவது ஊசி போட்டுவிடுங்கோ” என்றார் தாயார்.

நாம் மாணவியிடம், “பிள்ளை, எந்த இடத்தில நோகுது எண்டு ஒரு விரலால தொட்டுக் காட்டம்மா” என்றோம். அவர் கணைக்கால் எலும்பின் உட்புறத்தில், கீழ்ப்பாகத்தில், ஒரே ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். நாம் அதே இடத்தை மெதுவாக அழுத்தியதும் கதிரையிலிருந்து துள்ளிவிட்டார். கால் முழுவதும் பரவலாக நொந்தால் அது பெரும்பாலும் தசை சார்ந்தது. ஒரு விரல் நுனியளவு இடத்தில், எலும்பின் மேலேயே நொந்தால் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்பட்டிருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இப்படியான வெடிப்பு ஆரம்பத்தில் எக்ஸ்றே படத்தில் தெரியாமலும் போகலாம். இவருக்கும் எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியவில்லை; எம்.ஆர்.ஐ. பரிசோதனையில்தான் தெரிந்தது.

விசாரித்தபோது விடயம் புரிந்தது. நடன வகுப்பு கிழமைக்கு இரண்டு நாள், மரத்தரை போட்ட மண்டபத்தில். அரங்கேற்றம் நெருங்கியதால் வீட்டுப் பயிற்சி நாளுக்கு அரை மணித்தியாலத்திலிருந்து இரண்டு மணித்தியாலமாக ஒரேயடியாக ஏறியிருந்தது. அந்தப் பயிற்சி முழுவதும் பேஸ்மென்ற்றில், கொங்கிறீற்றின்மேல் ஒட்டிய மாபிள் போன்ற ஓட்டின்மேல், வெறுங்காலால். அரைமண்டியில் இருந்துகொண்டு தட்டடவும் குத்தடவும் நூற்றுக்கணக்கான தடவைகள்.

இவருக்கு எலும்பு வெடித்ததற்குத் தரை மட்டும்தான் காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். பயிற்சி திடீரெனக் கூடியதே முதற் காரணம். இரத்தத்தில் விற்றமின் டி குறைவாக இருந்தது. மெலிவாகத் தெரியவேண்டும் என்று மதியச் சாப்பாட்டையும் தவிர்த்து வந்திருக்கிறார்; மாதவிடாயும் ஒழுங்காக வரவில்லை. போதிய உணவு இல்லாமல் கடும் பயிற்சி செய்யும் பெண்பிள்ளைகளுக்கு இவை ஒன்றாகவே வருவதுண்டு. அதன்மேல் சிறிதும் இளகாத ஒரு தரையும் சேர்ந்துகொண்டது.

ஊசி போடவில்லை. அரங்கேற்றத்தைப் பிற்போடச் சொன்னோம். அன்று அந்தத் தாயார் எம்மோடு முகம் கொடுத்துப் பேசாமலே எழுந்து போனார். மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம், வாத்தியக் கலைஞர்களின் ஏற்பாடு, உறவினர் வாங்கிய விமானச் சீட்டு எல்லாம் எமக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் நோவை மறைத்துக்கொண்டு அந்தக் காலில் மேலும் ஒன்பது கிழமை தட்டியிருந்தால் மயிரிழை வெடிப்பு முழு முறிவாகியிருக்கக் கூடும். மிகுதிக் கதையைக் கடைசியில் சொல்கிறோம்.

கொங்கிறீற் தரை என்ன செய்கிறது?

நாம் சாதாரணமாக நடக்கும்போதே எமது உடல் எடையின் இரண்டு தொடக்கம் மூன்று மடங்கு பாரம் முழங்கால் மூட்டில் இறங்குகிறது. படி இறங்கும்போது அது மேலும் கூடுகிறது. ஓடும்போதும் துள்ளும்போதும் இன்னும் அதிகம். இந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்கு உடலில் இயற்கையான ஏற்பாடுகள் உண்டு. குதிக்காலின் கொழுப்பு மெத்தை, பாதத்தின் வளைவு, கெண்டைக்கால் தசை, தொடைத் தசை, மூட்டின் குருத்தெலும்பு, நாரியின் வட்டுக்கள் எல்லாம் பங்குபோட்டு அதைத் தாங்குகின்றன. தரையும் சற்று இளகினால் அதுவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கொங்கிறீற் எதையும் எடுத்துக்கொள்ளாது. நீங்கள் கொடுத்ததை அப்படியே உங்களிடம் திருப்பித் தந்துவிடும்.

இது எமது தலைமுறைக்குப் புதிய பாடம் அல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்தவர்களில் எத்தனை பேர் தொழிற்சாலைகளிலும் உணவகக் குசினிகளிலும் எட்டு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் என்று கடின தரையில் நின்றிருக்கிறோம்! நாமும் இந்நாட்டில் வைத்தியராகத் தொழில் செய்ய அனுமதி கிடைக்கும்வரை ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர்கள்தான். அங்கே நீண்டகாலம் வேலை செய்தவர்கள் நிற்கும் இடங்களில் மட்டும் தடித்த றப்பர் விரிப்பு இருக்கும். புதியவர்களுக்கு வெறும் கொங்கிறீற். யாராவது ஒருவர் விடுமுறை எடுத்தால் அவருடைய விரிப்பின்மேல் நிற்பதற்கு ஒரு சிறு போட்டியே நடக்கும். அந்தத் தொழிற்சாலைக் கால்கள்தான் இன்று ஐம்பதிலும் அறுபதிலும் முழங்கால் நோவுடன் எம்மிடம் வருகின்றன. பிள்ளைகள் அன்போடு வாங்கிக் கொடுத்த ட்றெட்மில்லை மறுபடியும் கொங்கிறீற்றின்மேல் வைத்து ஏறுகின்றன.

இதை வாசித்துவிட்டு, “அப்படியெண்டால் பயிற்சியே வேண்டாம்” என்று முடிவெடுத்துவிடாதீர்கள். மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கும் உடற்பயிற்சிதான் முதல் வைத்தியம். மூட்டைச் சுற்றியுள்ள தசை பலமாக இருந்தால் மூட்டின் சுமை குறையும். உடல் எடை குறைந்தாலும் அப்படியே. முழங்கால் தேய்வு உள்ள, எடை கூடியவர்களை வைத்து அமெரிக்காவில் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடலில் 1 இறாத்தல் குறைந்தால் ஒவ்வொரு அடியெடுப்பிலும் முழங்காலில் ஏறத்தாழ 4 இறாத்தல் சுமை குறைகிறது. வளர்ந்தவர்களுக்குக் கனடாவில் பரிந்துரைக்கப்படுவது கிழமைக்கு குறைந்தது 150 நிமிட மிதமான அல்லது வேகமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும். அதைத் தொடர்ந்து செய்யக்கூடிய ஓர் இடத்தை அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

மெத்தென்று இருந்தால் போதுமா?

கடினம் கூடாது என்றதும் பலர் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். தடித்த ஃபோம் விரிப்பை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு அதன்மேல் துள்ளுகிறார்கள். இதுவும் பிழை. தரை மிக மென்மையாக இருந்தால் பாதம் உள்ளே புதைந்து கணுக்கால் இருபுறமும் தளம்பும். வயதானவர்களின் சமநிலை குலையும். பாரம் தூக்குபவருக்கு நிற்பதற்கு உறுதியான பிடிமானம் இராது. மேலும், எமது கால்கள் தரைக்கேற்பத் தாமே மாறிக்கொள்கின்றன. மென்மையான தரையில் ஓடும்போது கால் இயல்பாகவே விறைத்துக்கொள்கிறது. ஆகையால் தரையின் மென்மையை இருமடங்காக்கினால் மூட்டின் சுமை பாதியாகிவிடும் என்று கணக்குப் போட முடியாது.

தேவைப்படுவது அளவாக இளகி, உடனே பழைய நிலைக்குத் திரும்பும் தரை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் மக்மஹோன், பீற்றர் கிறீன் என்ற இருவர் ஓட்டக்காரர்களின் காலுக்கேற்றவாறு இளகும் மரத்தளம் கொண்ட உள்ளக ஓடுபாதை ஒன்றை வடிவமைத்தார்கள். அதில் ஓடியவர்களின் வேகமும் சற்றுக் கூடியது, காயங்களும் குறைந்தன. நல்ல நடன அரங்குகளில் மரத்தரைக்கு அடியில் வெற்றிடமும் மெத்தையும் வைத்துக் கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தரையின் பிடிப்பு. காலைத் திருப்பும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகும். ஆகவே பாரம் தூக்குவதற்குச் சிறந்த றப்பர் தரை, வெறுங்காலால் சுழன்று ஆடும் நடனத்துக்கு நல்லதல்ல. ஒரே தரை எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

தரை போடுமுன் பார்க்க வேண்டியவை

கடைக்குப் போகுமுன் உங்கள் பேஸ்மென்ற்றை ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதுபோல் பரிசோதியுங்கள்.

1. ஈரம். கொங்கிறீற் பார்ப்பதற்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் மண்ணிலிருந்து ஈரத்தை மேலே இழுக்கும். 2 அடி சதுரமான தடித்த பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் நன்றாக ரேப் ஒட்டி, இரண்டு மூன்று நாட்கள் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ கொங்கிறீற் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். இதில் நாமே ஒருமுறை பாடம் படித்தோம். எமது வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஃபோம் விரிப்பை வெறும் கொங்கிறீற்றின்மேல் நேரே பரப்பிவிட்டோம். ஒரு கோடை கழிந்து தூக்கிப் பார்த்தபோது அடியில் கறுப்பாகப் பூஞ்சணம். அந்தக் கோடை முழுவதும் எமது மகளின் இழுப்பு ஏன் கூடியிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஊரெல்லாம் ஆஸ்துமாவுக்கு அறிவுரை சொல்லும் வைத்தியரின் வீட்டில் இது நடந்தது!

2. வெள்ளம். ரொறன்ரோவில் 2013 ஜூலை 8ஆம் திகதியும் 2024 ஜூலை 16ஆம் திகதியும் பெய்த மழை பலருடைய பேஸ்மென்ற்றுக்குள் புகுந்தது. கழற்றிக் காயவைக்கக்கூடிய தரையே நல்லது. நீர் வடியும் துளையை எக்காரணம் கொண்டும் மூடிவிடாதீர்கள்.

3. பழைய ஓடுகள். ஸ்காபறோவில் 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட வீடுகள் ஏராளம். அவற்றின் பேஸ்மென்ற்றில் 9 அங்குலச் சதுரமான பழைய வைனில் ஓடுகள் இருந்தால், அவற்றிலும் அவற்றை ஒட்டிய பசையிலும் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கக் கூடும். உடையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. சுரண்டினாலோ, உடைத்துப் பெயர்த்தாலோ, அரம் தேய்த்தாலோ அதன் நுண்ணிய நார்கள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். “நானும் மச்சானுமா ஒரு சனிக்கிழமையில கிளப்பிப்போட்டம்” என்று சொல்லாதீர்கள். முதலில் ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பியுங்கள். பெரும்பாலும் அவற்றைத் தொடாமல் அதன்மேலேயே புதிய தரையைப் போடலாம்.

4. ரேடன் வாயு. மண்ணிலிருந்து இயற்கையாக வெளிவரும் கதிரியக்க வாயு இது. நிறமோ மணமோ இல்லை. புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் இதுவே. கீழ்த்தளத்தில் கூடுதலாகச் சேரும். நாம் அங்கே போய் மூச்சு வாங்கப் பயிற்சி செய்யும்போது காற்றையும் கூடுதலாக இழுக்கிறோம். கனடாவின் வழிகாட்டல் அளவு ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கரல். சிறிய சோதனைக் கருவியை வாங்கிக் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்து அளக்க வேண்டும். அளவு கூடியிருந்தால் தரைக்கு அடியிலிருந்து குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றலாம். தரை போட்டபின் துளையிடுவதைவிட முதலில் அளந்து பார்ப்பது புத்தி.

5. கூரை உயரம். பழைய வீடுகளின் பேஸ்மென்ற் உயரம் குறைந்தது. தரை 2 அங்குலம் உயரும், ட்றெட்மில்லின் பட்டி 6 தொடக்கம் 8 அங்குலம் உயரும், நடக்கும்போது தலை மேலும் சற்று எழும்பும். மகன் 6 அடி என்றால் முதலில் அளவுநாடாவை எடுங்கள். படிக்கட்டின் கடைசிப் படியும் புதிய தரையால் உயரம் குறைந்து, கால் இடறும் இடமாகிவிடலாம்.

எந்தப் பொருள் எதற்கு?

ஃபோம் ஓடுகள். ஒன்றோடொன்று கோர்க்கும் இவை மலிவானவை, பாரமற்றவை. நிலத்தில் படுத்து, முழந்தாளிட்டுச் செய்யும் பயிற்சிக்கும் யோகாசனத்துக்கும் நல்லவை. அரை அங்குலத் தடிப்புப் போதும். ட்றெட்மில், பாரக்கட்டைகள் வைக்கக் கூடாது. நசுங்கிப் பள்ளம் விழுந்துவிடும். ஓரங்கள் கிளம்பினால் முதியோர் இடறி விழுவார்கள்.

றப்பர். பழைய ரயர்களை அரைத்துச் செய்தவை. சுருளாகவும் ஓடுகளாகவும் கிடைக்கும். நடைமெசின், சைக்கிள், சிறிய பாரங்களுக்கு 8 தொடக்கம் 10 மில்லிமீற்றர் போதும். பெரிய பாரங்களைத் தூக்கிக் கீழே வைப்பவர்களுக்கு முக்கால் அங்குலம் வேண்டும். பண்ணைப் பொருட்கள் விற்கும் கடைகளில் குதிரை லாயத்துக்கான 4 அடிக்கு 6 அடி றப்பர் விரிப்பு கிடைக்கும். உடற்பயிற்சிக் கடைகளில் விற்பதைவிட அது பெரும்பாலும் மலிவு. ஆனால் ஒன்று ஏறத்தாழ 100 இறாத்தல் எடை. தனியே தூக்கிப் படியிறங்கி நாரியை முறித்துக்கொள்ளாதீர்கள். புதிதில் மணம் கடுமையாக இருக்கும். கராஜில் சில கிழமைகள் விரித்துவைத்துவிட்டுப் பின்னர் உள்ளே கொண்டுபோங்கள். வைனில் தரையின்மேல் நேரே போட்டால் அழியாத மஞ்சள் கறை படியும்.

லமினேற், வைனில். பார்வைக்கு அழகு. கொங்கிறீற்றின்மேல் மெல்லியதாகப் போட்டால் மூட்டுக்குப் பெரிய நன்மை இல்லை. லமினேற் நனைந்தால் ஊதிவிடும்.

கார்ப்பெற். குளிருக்கு இதமானது. ஆனால் பேஸ்மென்ற்றில் வியர்வையும் ஈரமும் சேர்ந்து பூஞ்சணத்துக்கும் தூசிப்பூச்சிக்கும் வீடாகும். ஆஸ்துமா உள்ள வீட்டில் தவிர்க்கவும்.

ஓடு, மாபிள். துடைக்க இலகு. மூட்டுக்குக் கொங்கிறீற்றும் இதுவும் ஒன்றுதான்.

புடைப்புப் பலகைகள். அடியில் பிளாஸ்ரிக் புடைப்புகளும் மேலே மரப்பலகையும் கொண்ட 2 அடி சதுரத் துண்டுகள். கொங்கிறீற்றுக்கும் பலகைக்கும் இடையில் காற்றோட்டம் இருப்பதால் ஈரமும் குளிரும் குறையும். இதன்மேல் றப்பரைப் போடுவது பல வீடுகளுக்குப் பொருத்தமான ஏற்பாடு. தண்ணீர் உள்ளே வரும் பேஸ்மென்ற்றுக்கு இது தீர்வல்ல. முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

எதைப் போட்டாலும், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றையும் ஈரப்பதம் காட்டும் சிறு கருவியையும் வைத்திருங்கள். கோடையில் ஈரப்பதம் 50 வீதத்துக்கு மேலே போகவிடாதீர்கள்.

நடனப் பிள்ளைகளுக்கு ஒரு மேடை

அறை முழுவதையும் மாற்றத் தேவையில்லை. 8 அடிக்கு 8 அடி மேடை ஒன்று வீட்டுப் பயிற்சிக்குப் போதும். 4 அடிக்கு 8 அடியான அரை அங்குல பிளைவூட் பலகைகள் நான்கு வாங்குங்கள். தரையில் பொலித்தீன் விரித்து, அதன்மேல் 1 அங்குலத் தடிப்புள்ள அடர்த்தியான ஃபோம் துண்டுகளை ஓரடிக்கு ஒன்றாக வரிசையாக வைக்கவும். மெத்தையில் உள்ள மென்மையான பஞ்சு இதற்கு உதவாது. கையால் அழுத்தினால் சற்றே இளகி உடனே எழும்ப வேண்டும். அதன்மேல் இரண்டு பலகைகளை ஒரு திசையிலும், மேலே மற்ற இரண்டையும் குறுக்குத் திசையிலும் வைத்து, மூட்டுக்கள் ஒன்றின்மேல் ஒன்று வராதவாறு குறுகிய திருகாணிகளால் பொருத்தவும். திருகாணியின் தலை வெளியே நீட்டக் கூடாது. அதன் நுனி கீழே ஊடுருவவும் கூடாது. மேற்பரப்பை நன்றாகத் தேய்த்துச் சிராய் இல்லாமல் செய்து, வழுக்காத பூச்சுப் பூசவும். சுவரோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விடவும். ஓரத்தில் பளிச்சென்ற நிற நாடா ஒட்டினால் அம்மம்மா இடறமாட்டார். கையை உயர்த்தினால் விளக்கில் படாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடன ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வீட்டில் எந்தத் தரையில் பயிற்சி செய்கிறார்கள் என்று கேளுங்கள். அரங்கேற்றத்துக்கான பயிற்சி நேரத்தை மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்றுங்கள்.

வாசலில் கழற்றும் சப்பாத்து

எமது வீடுகளில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிடுவோம். நல்ல பழக்கம். ஆனால் அதே பழக்கத்தில் ட்றெட்மில்லிலும் வெறுங்காலோடு, அல்லது வெறும் காலுறையோடு ஏறிவிடுகிறோம். வெளியே போட்டுத் திரியாத, சுத்தமான பயிற்சிச் சப்பாத்து ஒரு சோடியைப் பேஸ்மென்ற்றிலேயே வைத்துவிடுங்கள். தரையை மாற்றப் பணம் இல்லாதவர்களுக்கும் இது முதற்படி. அடி தேய்ந்தால் புதியது வாங்குங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது கட்டாயம். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சிறிய உராய்வும் அவர் அறியாமலே புண்ணாகிவிடும்.

ட்றெட்மில்லின் பின்புறம் 6 அடியாவது வெறுமையாக விடுங்கள். தவறினால் சுவரில் மோதாமல் விழ அந்த இடம் வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பாவித்து முடிந்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பேஸ்மென்ற் படிக்குக் கைபிடியும் நல்ல வெளிச்சமும் இருக்கட்டும். முழங்கால் காக்கப் போகும் வழியிலேயே இடுப்பை முறித்துக்கொண்டவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

பயிற்சிக்குப் பின் சற்று நொந்து, மறுநாள் பழைய நிலைக்கு வந்தால் பயமில்லை. மூட்டு வீங்கினாலும், சூடாகிச் சிவந்தாலும், இறுகிப்போய் நீட்ட மடக்க முடியாவிட்டாலும், நடக்கும்போது கால் திடீரென விட்டுவிட்டாலும், எலும்பில் ஒரே இடத்தில் நொந்தாலும், இரவில் நோவால் விழித்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கினால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்காக 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘கிளாட்’ என்ற பயிற்சித் திட்டம் கனடாவிலும் பிசியோதெரபி நிலையங்களில் நடக்கிறது. உங்கள் குடும்ப வைத்தியரிடம் விசாரியுங்கள்.

இனி அந்த மாணவியின் கதை. இரண்டு மாத ஓய்வு, விற்றமின் டி, ஒழுங்கான சாப்பாடு, பிசியோதெரபி. அந்த இடைவெளியில் தகப்பனார் தம் மைத்துனரோடு சேர்ந்து பேஸ்மென்ற்றில் மேற்சொன்ன மேடையைக் கட்டினார். முதல் கிழமை பத்து நிமிடம் மட்டும், பிறகு சிறிது சிறிதாக. ஐந்து மாதம் பிந்தி அரங்கேற்றம் நடந்தது. அம்மம்மா விசாவை நீடித்துக்கொண்டு நின்று பார்த்தார். எமக்கும் அழைப்பு வந்திருந்தது. அதைக் கொண்டுவந்து தந்தவர் அன்று பேசாமல் போன அதே தாயார்தான். “டொக்டர், மேடையைப் பிரிக்கேல்ல. நானும் இப்ப அதில நிண்டுதான் எக்சர்சைஸ் செய்யிறன். முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்லை” என்றார்.

வாசகர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒருமுறை பேஸ்மென்ற்றுக்கு இறங்கி, வெறுங்காலால் நின்று, குதிக்காலை மெதுவாக ஒருதரம் தட்டிப் பாருங்கள். தரை என்ன சொல்கிறது என்று உங்கள் முழங்காலே உங்களுக்குச் சொல்லும்.

(இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்காக எழுதப்பட்டது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் குடும்ப வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளவும்.)